களப்பணியின் ஓய்வு நாட்களில் ஊர் பார்க்கலாமா?

கேள்வி: தவளைகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். டிசம்பரிலிருந்து மார்ச் வரை பெரு நாட்டின் அமேசான் காட்டில், தம்போபாட்டா ஆற்றங்கரையில் ஓர் ஆய்வு நிலையத்தில் களப்பணி. மூன்று வாரம் வேலை, நான்கு நாள் ஓய்வு என்று அட்டவணை போட்டிருக்கிறார்கள். அந்த நான்கு நாட்களுக்குள் குஸ்கோ, மச்சு பிச்சு, லிமா எல்லாவற்றையும் பார்த்துவிட ஆசை. ஆனால் ஆய்வு நிதியில் போய்விட்டு ஊர் சுற்றினால் நெறியாளர் என்ன நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது. வீட்டிலும் "வேலைக்குப் போகிற இடத்தில் ஊர் சுற்றல் எதற்கு" என்கிறார்கள். போகலாமா? தனியாகப் போவது சரியா? வேலை முடிந்தபின் இரண்டு வாரம் அங்கேயே தங்கலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

தாராளமாகப் போகலாம். அந்த நான்கு நாட்களை யாரும் உங்களுக்குச் சலுகையாகத் தரவில்லை, அட்டவணையிலேயே இருக்கின்றன. ஏன் இருக்கின்றன என்பது போய் மூன்று வாரம் ஆனதும் உங்களுக்கே புரியும். தவளை ஆய்வு என்றால் இரவு வேலை. இருட்டியதும் ரப்பர் பூட்ஸும் தலைவிளக்குமாகக் கிளம்பினால் நள்ளிரவு தாண்டித்தான் திரும்புவீர்கள். பிடித்த தவளையை அளக்க வேண்டும், எடை போட வேண்டும், ஈரக் கையோடு நோட்டில் எழுத வேண்டும். மழைக்காலம் வேறு, துவைத்த துணி எதுவும் முழுசாகக் காயாது. அந்தக் காட்டில் பாம்புக்கடிகளுக்குப் பெரும்பாலும் காரணமான விரியன் இனம் உதிர்ந்த இலைகளோடு இலையாகக் கிடக்கும், அதையும் பார்த்துக் காலை வைக்க வேண்டும். தூக்கம் கெட்டவர் 27 மில்லிமீட்டரை 72 என்று எழுதிவிட்டு மறுநாள் அதை நம்பவும் செய்வார். ஓய்வைத் தள்ளிப்போட்டு "கூடுதலாக நான்கு இரவு வேலை பார்த்தேன்" என்று சொல்லும் மாணவர்களின் தரவுத்தாள்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நான்கு இரவுகளின் பக்கங்களில்தான் அடித்தல் திருத்தல் அதிகம்.

நெறியாளர் என்ன நினைப்பாரோ என்று ஊகித்துக்கொண்டே இருக்காமல் எழுதிக் கேட்டுவிடுங்கள். ஓய்வு நாட்களின் தேதி, எந்த ஊரில் இருப்பீர்கள், செலவு உங்களுடையது என்ற மூன்றும் நான்கு வரியில் ஒரு மின்னஞ்சலில் இருந்தால் போதும். நிதி கொடுப்பவர்களுக்கு நீங்கள் ஊர் பார்ப்பது பிரச்சினையே இல்லை. ஆய்வுக் கணக்கில் உங்கள் சொந்த விடுதி ரசீது கலந்துவிட்டால்தான் பிரச்சினை. ரசீதுகளை முதல் நாளிலிருந்தே இரண்டு உறைகளில் போட்டு வையுங்கள்.

அதே மின்னஞ்சலில் காப்பீட்டையும் கேளுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல்கலைக்கழகம் எடுத்துத் தரும் பயணக் காப்பீடு பெரும்பாலும் வேலை நாட்களுக்குத்தான். நடுவில் வரும் சொந்த நாட்களுக்கு அது செல்லுமா, எத்தனை நாள் வரை செல்லும், இத்தனை மீட்டர் உயரத்துக்கு மேல் மலையேறினால் செல்லாது என்று வரம்பு ஏதாவது உண்டா என்பதற்கெல்லாம் எழுத்தில் பதில் வாங்குங்கள். நீங்கள் போக நினைக்கும் குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதனால் அந்த உயர வரம்பு உங்களுக்கு நேரடியாகவே பொருந்தும்.

சரி, நான்கு நாட்களுக்குள் குஸ்கோ, மச்சு பிச்சு, லிமா மூன்றும் முடியுமா? முடியாது. முயற்சி செய்யவும் வேண்டாம். ஆய்வு நிலையத்திலிருந்து படகில் பக்கத்து நகரமான புவேர்ட்டோ மால்டொனாடோவுக்கு வந்து சேரவே முதல் நாளில் பாதி போய்விடும். திரும்பும்போதும் அப்படித்தான். மிச்சம் மூன்று நாள்தான். மச்சு பிச்சுவுக்குச் சாலை கிடையாது. குஸ்கோவிலிருந்து ஒயான்டாய்டாம்போ போய், அங்கிருந்து ரயில் பிடித்து, அடிவாரத்தில் தங்கி, நேரம் குறித்த நுழைவுச்சீட்டோடு மேலே போக வேண்டும். மழையில் ஒரு ரயில் தாமதமானாலும் மொத்தத் திட்டமும் சரிந்துவிடும். களைத்துப்போன உடம்போடு நாலு விமானமும் இரண்டு ரயிலும் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பினால் அதை ஓய்வு என்று யார் சொல்வார்கள்?

நான் சொல்வது இதுதான். ஒரு ஓய்வுக்கு ஒரு ஊர், அதுவும் பக்கத்தில் இருப்பது. புகழ்பெற்ற இடங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் சுற்று ஓய்வுக்கு புவேர்ட்டோ மால்டொனாடோவை விட்டு எங்கும் போகாதீர்கள். பயண நூல்கள் இந்த ஊரை விமான நிலையமும் படகுத்துறையுமாக இரண்டு வரியில் கடந்துவிடும். உங்கள் ஆய்வுக்கோ இதைவிட முக்கியமான ஊர் பெருவிலேயே இல்லை. நீங்கள் வேலை செய்யும் தம்போபாட்டா ஆறு மாத்ரே தே தியோஸ் ஆற்றோடு கலப்பது இங்கேதான். கரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் காட்டுக்குள் என்ன போகிறது, காட்டிலிருந்து என்ன வருகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பெருவின் பிரேசில் கொட்டை அறுவடைக்கு மையம் இந்த வட்டாரம். கொட்டைகள் மரத்திலிருந்து விழுவது டிசம்பர் முதல் மார்ச் வரை, அதாவது நீங்கள் இருக்கும் அதே மாதங்கள். உங்கள் உதவியாளர்களின் குடும்பத்தில் யாராவது அந்த நேரத்தில் கொட்டை பொறுக்கக் காட்டுக்குள் போயிருப்பார்கள். சந்தையில் அதைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தபிறகு, அவர்கள் எந்த மரத்தை ஏன் வெட்டுவதில்லை என்பது தானே விளங்கும். பிகாவோ இலையில் மடித்து வேகவைத்த 'ஹுவானே' சோறு ஒன்று வாங்கிச் சாப்பிடுங்கள். அப்புறம் தூங்குங்கள். முதல் ஓய்வில் உங்களுக்கு வேண்டியது தூக்கம்தான். இரவு வேலைக்குப் பழகிய உடம்பு பகலுக்குத் திரும்ப இரண்டு நாள் எடுக்கும்.

இரண்டாவது சுற்றில் குஸ்கோ போங்கள். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. புவேர்ட்டோ மால்டொனாடோ கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டர்கூட உயரமில்லை. விமானம் ஒரு மணி நேரத்துக்குள் உங்களை 3,400 மீட்டரில் இறக்கிவிடும். அங்கே ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். இறங்கியவுடன் ஒன்றும் தெரியாது, "நமக்கெல்லாம் ஒன்றும் ஆகாது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுத் தெருவில் ஏறுவார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, சரியாக இரவில் ஆரம்பிக்கும். வயது குறைவு, உடம்பு பலம் என்பதெல்லாம் இதில் கணக்கே இல்லை. மூன்று வாரம் காட்டில் நடந்து பழகிய காலும் உதவாது.

எளிய வழி ஒன்று இருக்கிறது. குஸ்கோவில் இறங்கியதும் ஊருக்குள் தங்காமல், நேராகப் பள்ளத்தாக்குக்கு இறங்கி ஒயான்டாய்டாம்போவிலோ உருபாம்பாவிலோ முதல் இரவைக் கழியுங்கள். அவை 2,800, 2,900 மீட்டர் அளவில்தான் இருக்கின்றன. அந்த 500, 600 மீட்டர் இறக்கம் தூக்கத்துக்கு நிறையவே உதவும். மறுநாள் மதியம் குஸ்கோவுக்கு ஏறிக்கொள்ளலாம். உயரத்தால் வரும் இந்தத் தொல்லையைத் தடுக்கும் அசெட்டசோலமைட் மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். மலை ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டிய மருந்து அது, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். தலைவலியோடு நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய்விட்டு, கீழே இறங்கிவிடுங்கள்.

இன்னொரு மருந்து விஷயமும் உண்டு. மலேரியாத் தடுப்புக்கு டாக்சிசைக்ளின் கொடுத்திருந்தால், அது தோலை வெயிலுக்கு மிகவும் கூச்சமாக்கும். காட்டு நிழலில் அது தெரியவே தெரியாது. குஸ்கோ உயரத்தில், மேகம் மூடிய நாளிலும் புற ஊதாக் கதிர் கடுமையாக இருக்கும், அங்கே தொப்பியில்லாமல் இரண்டு மணி நேரம் நடந்தால் மூக்கும் புறங்கையும் வெந்துவிடும். மலைக்கு வந்துவிட்டோம், கொசு இல்லையே என்று மாத்திரையை நிறுத்தவும் கூடாது. காட்டைவிட்டு வந்தபின்னும் டாக்சிசைக்ளின் நான்கு வாரம் தொடர வேண்டும். அடோவாகுவோன்-புரோகுவானில் என்றால் ஏழு நாள்.

குஸ்கோவில் என்ன பார்ப்பது? ஊர் முழுக்க நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். பல இடங்களுக்குச் சேர்த்து ஒரே சுற்றுலாச் சீட்டும் உண்டு, முழுச்சீட்டு பத்து நாள் செல்லும். இரண்டே நாள் இருக்கும் உங்களுக்கு அது வேண்டியதில்லை. கொரிகாஞ்சாவுக்கு மட்டும் போங்கள், அது அந்தச் சீட்டில் சேராது, தனிக் கட்டணம். இன்காக்களின் சூரியக் கோயிலை இடித்து அதன் மேல் ஸ்பானியர்கள் சாண்டோ டொமிங்கோ மடத்தைக் கட்டினார்கள். 1650-இல் வந்த நிலநடுக்கத்திலும் 1950-இல் வந்ததிலும் மேலே கட்டியது விழுந்தது, கீழே இன்காக்கள் சுண்ணாம்பு இல்லாமல் அடுக்கிய கற்சுவர் நின்றது. அந்தச் சுவர் பக்கத்தில் போய்க் கல்லும் கல்லும் சேரும் கோட்டைப் பாருங்கள். சுவர் உள்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருப்பதும் தெரியும். ஒரு முழுக் காலைப் பொழுதை அங்கேயே செலவழித்தாலும் தப்பில்லை. மிச்ச நேரத்துக்கு ஹாட்டுன் ருமியோக் தெருவில் மெதுவாக நடப்பதும், சான் பெத்ரோ சந்தையில் ஒரு சூப் குடிப்பதும் போதும். மூன்றாவது சுற்றிலும் குஸ்கோவுக்கே போகலாம். இரண்டாம் முறை போகும்போதுதான் ஓர் ஊர் நமக்குப் பிடிபடும்.

இனி நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று. ஓய்வு நாட்களில் ஒரு தவளையைக்கூடக் கையில் எடுக்காதீர்கள். உங்களுக்கு அந்த ஆசை வரும் என்று எனக்குத் தெரியும். குஸ்கோ சுற்றுவட்டார மலைகளில், முதுகிலுள்ள பையில் முட்டைகளைச் சுமக்கும் காஸ்ட்ரோதெகா தவளைகள் இருக்கின்றன. தாழ்நிலக் காட்டில் வேலை செய்யும் ஒருவருக்கு அது பெரிய தூண்டுதல். ஆனால் பெருவில் காட்டுயிர் ஆய்வு அனுமதி என்பது இடம், ஆட்கள், இனங்கள் குறித்தது. பாதுகாக்கப்பட்ட பகுதிகளுக்கு செர்னான்ப் என்ற அரசு அமைப்பு தருகிறது, அதற்கு வெளியே செர்ஃபோர் என்ற அமைப்பு. தம்போபாட்டாவுக்கு வாங்கிய அனுமதியை வைத்துக்கொண்டு குஸ்கோவில் ஒரு தவளையைப் பிடித்தால் அது சட்டமீறல். பாதிப்பு உங்களோடு நிற்காது, உங்களுக்காகக் கையெழுத்திட்ட பெரு நாட்டு நிறுவனத்தின் அடுத்த விண்ணப்பம்வரை போகும். தூரத்திலிருந்து பாருங்கள், கூப்பிடும் ஒலியைக் கேளுங்கள், அத்தோடு விட்டுவிடுங்கள்.

பூட்ஸும் அதே மாதிரிதான். கைட்ரிட் பூஞ்சை அந்த நாட்டு மலைச்சரிவுகளில் தவளைகளை ஏற்கெனவே அழித்திருக்கிறது. மானு தேசியப் பூங்கா பக்கத்தில் உள்ள கொஸ்ஞிபாட்டா பள்ளத்தாக்கில் தவளைகளின் எண்ணிக்கை சரிந்தது ஆய்வாளர்களுக்கு நன்றாகத் தெரியும். ஈரச் சேறு ஒட்டிய களப் பூட்ஸோடு மலை ஓடையில் இறங்குபவர் அதை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சுமந்துபோகலாம். களப் பூட்ஸ் நிலையத்திலேயே இருக்கட்டும். ஊருக்கு வேறு காலணி எடுத்துப் போங்கள். திரும்பி வந்ததும் அதையும் தேய்த்துக் கழுவி, ப்ளீச் கரைசலில் நனைத்து, முழுக்கக் காயவைத்துவிடுங்கள்.

ஹார்டு டிஸ்க்கையும் ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். தரவின் ஒரு பிரதி நிலையத்தில் இருக்கட்டும், இன்னொரு பிரதியை ஊரில் இணையம் கிடைக்கும்போது மேகச் சேமிப்பில் ஏற்றுங்கள். நோட்டுப் பக்கங்களைப் படகு ஏறும் முன்பே படம் எடுத்துவிடுங்கள்.

தனியாகப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். போகலாம். எந்த வழியில் போகிறீர்கள் என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குஸ்கோவுக்கு விமானக் கட்டணம் அதிகமாக இருக்கிறதே என்று இரவுப் பேருந்தில் ஏற வேண்டாம். அந்த நெடுஞ்சாலை, சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களுக்குப் பெயர்போன லா பாம்பா பகுதி வழியாகப் போகிறது. 2019-இல் அரசு ராணுவத்தையும் காவலர்களையும் அனுப்பி அங்கே பெரிய நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் சாலை 4,700 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும், மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. விமானத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண் செலவு இல்லை. லிமாவில் இறங்கினால் தெருவில் கைகாட்டி டாக்ஸி பிடிக்காமல், விமான நிலையத்துக்குள்ளேயே பதிவு செய்த வண்டியில் போங்கள். காரில் உட்கார்ந்தபடி ஜன்னலோரம் போனை நீட்டிக்கொண்டு வராதீர்கள், சிக்னலில் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்கள். எந்த விடுதி, எந்த விமானம், எப்போது திரும்புவேன் என்பதை நிலையப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். சொன்ன நேரத்துக்குள் செய்தி வராவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும்.

வேலைக்குத் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தைய நாளே புவேர்ட்டோ மால்டொனாடோவில் இருங்கள். பெருவில் வேலைநிறுத்தமும் சாலை மறியலும் திடீரென்று வரும். 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் நடந்த போராட்டங்களில் குஸ்கோ விமான நிலையத்தையே மூட வேண்டியிருந்தது, மச்சு பிச்சுவும் சில வாரம் மூடியிருந்தது. நீங்கள் மலையில் மாட்டிக்கொண்டால் உங்கள் இரவு வேலையை உள்ளூர் உதவியாளர்தான் தனியாகச் செய்ய வேண்டிவரும்.

அவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அட்டவணையில் உங்களுக்கு இருக்கும் ஓய்வு அவர்களுக்கும் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்கள் ஊருக்குப் போகும் நான்கு நாட்களில் "சும்மா பொறிகளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அவர்களிடம் விட்டுப் போகும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அது சரியே இல்லை. பொறிகளை மூடிவிட்டு எல்லோரும் ஒன்றாகக் கிளம்புங்கள். படகில் அவர்களோடு வந்தால், ஊரில் எங்கே நல்ல சாப்பாடு கிடைக்கும் என்பதும் கேட்காமலே தெரிந்துவிடும்.

வேலை முடிந்தபின் இரண்டு வாரம் தங்குவது நல்ல யோசனை. விசாவில் உள்ள கடைசித் தேதிக்குள் அந்த இரண்டு வாரமும் அடங்குகிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள், கூடுதலாகத் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் வெளியேறும்போது அபராதம் கட்ட வேண்டும். தேதி மாறுவதால் திரும்பும் விமானக் கட்டணம் கூடினால் அந்த வித்தியாசம் உங்கள் கையிலிருந்து போகட்டும். மச்சு பிச்சுவை இந்த இரண்டு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது 2,430 மீட்டர்தான், குஸ்கோவைவிடத் தாழ்வு. நுழைவுச்சீட்டு உங்கள் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் இருக்கும், அசல் பாஸ்போர்ட் இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். இன்கா பாதையில் நடந்து போக ஆசை என்றால், பிப்ரவரி முழுவதும் அது மூடியிருக்கும். மற்ற மாதங்களில் சுமைதூக்குபவர்களையும் சேர்த்து நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக முடியும். ஏப்ரலில் போக வேண்டுமானால் காட்டுக்குப் போகும் முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

லிமாவுக்கு மூன்று நாளாவது ஒதுக்குங்கள். முதல் நாள் சான் மார்கோஸ் பல்கலைக்கழகத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள், 1918-இல் தொடங்கியது. நீங்கள் சேகரித்த மாதிரிகளை ஒப்படைக்கும் இடமும் ஒருவேளை அதுவாகவே இருக்கலாம். அப்படியென்றால் அங்கே தவளைப் பிரிவில் இருப்பவர்களை முன்கூட்டியே நேரம் கேட்டுச் சந்தியுங்கள். நான்கு மாதம் மின்னஞ்சலில் மட்டும் பார்த்த பெயர்களோடு ஒரு காபி குடிப்பது அடுத்த அனுமதி விண்ணப்பத்துக்கும் நல்லது. அடுத்து லார்கோ அருங்காட்சியகம். காட்சிக்கூடம் எல்லா ஊரிலும் இருக்கும். இங்கே கிடங்கையே திறந்து வைத்திருக்கிறார்கள். தரையிலிருந்து கூரை வரை அலமாரி அலமாரியாகப் பழங்கால மண்பாண்டங்கள், மனிதத் தலை, பறவை, விலங்கு, காய்கறி என்று வகை பிரித்து அடுக்கியிருக்கும். மாதிரிகளை வகைப்படுத்தி வைப்பதே தொழிலான உங்களுக்கு அங்கிருந்து கிளம்ப மனசு வராது. தவளை உருவங்களையும் தேடிப் பாருங்கள். மாலையில் மிராஃப்ளோரெஸ் பகுதியில் வாக்கா புக்யானா, மண்கற்களைச் செங்குத்தாக நிறுத்தி அடுக்கிய பழைய மேடை. மார்ச், ஏப்ரல் தொடக்கத்தில் லிமாவில் இன்னும் வெயில் இருக்கும், குளிர்காலப் பனிமூட்டம் வந்திருக்காது.

கிளம்பும் முன் உடம்பை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். வலியே இல்லாத ஒரு புண் வாரக்கணக்கில் ஆறாமல் இருந்தால் அது மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாவாக இருக்கலாம். லிமாவில் கயெத்தானோ எரேதியா பல்கலைக்கழகத்தின் வெப்பமண்டல மருத்துவ நிறுவனத்தில் இதைத் தினமும் பார்க்கிறார்கள். ஊர் திரும்பி மாதங்கள் கழித்துத் தெரிந்தாலும், அமேசானில் இருந்தேன் என்பதை மருத்துவரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயம். இறகு, பல், சட்டமிட்ட பட்டாம்பூச்சி என்று சந்தையில் விற்கும் எதையும் வாங்காதீர்கள். உங்கள் பெயரில் ஆய்வு அனுமதி இருப்பதால் சுங்கத்தில் உங்களைத்தான் அதிகம் கேள்வி கேட்பார்கள். கோக்கா இலைத் தேநீர் பெருவில் சட்டப்படியானது, குஸ்கோவில் விடுதியிலேயே ஊற்றித் தருவார்கள். ஆனால் அந்த இலை பல நாடுகளில் தடை செய்யப்பட்ட பொருள், மிட்டாயாகவோ தேநீர்ப் பையாகவோ இருந்தாலும் பெட்டியில் வைக்கக் கூடாது. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை மட்டும் பாஸ்போர்ட்டோடு சேர்த்துக் கைப்பையில் வையுங்கள். பெருவிலிருந்து நேராக இந்தியா வருவதானால் விமான நிலையத்தில் அதைக் கேட்பார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனபிறகுதான் அந்த அட்டை செல்லுபடியாகும் என்பதால், அதைக் கிளம்பும் வாரத்துக்குத் தள்ளாமல் இந்த மாதமே போட்டுக்கொள்ளுங்கள்.